வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிய எலுமிச்சை

மாடி அறையை வாடகைக்குப் பேசப் போன அன்று, அந்த வீட்டின் பக்கச் சந்தில் ஓர் எலுமிச்சை மரம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மரம் நிற்கும்; மனிதர்கள்தான் பிழைப்புத் தேடி நகர்வார்கள். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. ஆளுயரம் தாண்டிய மரம், பூவும் பிஞ்சுமாக, நான்கு சக்கர இரும்புத் தள்ளுவண்டியில் ஏறிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி அசைந்து அசைந்து வந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“யாருங்க அது எதிர்ல? ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. நடுரோட்டுல நிக்காதீங்க.”

வந்த விஷயத்தைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்து பட்டத்தோடு வெளியே வந்தவன் நான். அந்தப் பெருமை அப்போது சட்டைப் பைப் பேனா மாதிரி எப்போதும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். அதனால் பெயரைச் சொல்லுமுன் படிப்பைச் சொன்னேன்.

“பட்டதாரியா? ரொம்பச் சந்தோஷம். முன்னாடி நின்னு சைகை காட்டத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்புறம் காலேஜ்ல என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க? சரி, உங்க கைப்பக்கச் சுவரப் பாத்துக்கங்க. இடிக்குற மாதிரி இருந்தா ‘ஹோல்டான்’னு கத்துங்க. இடிக்காது. இருந்தாலும் கத்துறதுக்கு ஒரு ஆள் இருந்தா வண்டிக்கு மரியாதை.”

இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் விரல்கடை இடைவெளி விட்டு மரம் சந்தின் முனைக்கு வந்து, அங்கே ஒதுங்கி நின்ற என்னைக் கடந்து வாசலுக்குப் போய் நின்றது. அதன் பின்னால் காக்கிச் சட்டையும் வியர்வையுமாக வெளிப்பட்டவர்தான் ரிவர்ஸ் அக்கா. அறை எனக்குக் கிடைத்தது. அதன் சன்னல் கொல்லையைப் பார்த்தபடி இருந்ததால், அடுத்து வந்த ஒரு வருஷக் கதையில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அந்த வீட்டுக்காரர்களே, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து மறுத்து, எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

ரிவர்ஸ் அக்கா பஸ் டிரைவர். எவ்வளவு நீளமான பஸ்ஸையும் எந்த முட்டுச் சந்திலிருந்தும் பின்னாலேயே எடுத்துவிடுவார் என்பதால் டிப்போவில் வைத்த பெயர் அது. வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. “கண்ணாடியப் பாத்தா பயம் வராது, திரும்பிப் பாத்தாத்தான் பயம் வரும்” என்பார்.

செடிக்குச் சக்கரம் வைத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, வாடகை வீடுகள். கல்யாணமான நாளிலிருந்து வீடு மாறி மாறி, ஒவ்வொரு வீட்டிலும் தரையில் வைத்ததைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். கடைசியாக ஒரு வீட்டில் காய்க்கத் தொடங்கிய எலுமிச்சையை விட்டு வர மனமில்லாமல், அதன் கிளையில் பதியம் போட்டு, வேர் பிடித்ததும் வெட்டி எடுத்து, சந்தையில் கழித்துப் போட்ட சாமான் வண்டியில் தொட்டி கட்டி ஏற்றினார். “மண்ணு வீட்டுக்காரனோடது, வேரு என்னோடது” என்று அன்றைக்குச் சொன்னது. பிறகு கணவரும் அவருமாகப் பாடுபட்டு இந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஆனால் மரம் சக்கரத்தை விட்டு இறங்கவில்லை.

அதற்குத்தான் இரண்டாவது காரணம், வெயில். வீடு தெற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து நடக்கும்போது, வாசலில் வெயில் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். கொல்லை நாள் முழுக்க வீட்டு நிழலில் சில்லென்று கிடக்கும். கோடையில் வாசல் அடுப்பு மேடை. அப்போது கொல்லைதான் கதி. உச்சிப்பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டு உயர்ந்த சுவர் அங்கே நிழலை நீட்டும். ஆகவே ரிவர்ஸ் அக்காவின் தோட்டம் பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும். எலுமிச்சைக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வருஷத்தில் போக ஒரு ட்ரிப், வர ஒரு ட்ரிப், நடுவில் நிற்காது. தக்காளித் தொட்டிகள் டவுன் பஸ். வெயிலைத் துரத்திக்கொண்டு தினமும் நாலு அடி நகரும். புதினா மினி பஸ். ரோஜாவுக்கு லேடீஸ் ஸ்பெஷல் என்று பெயர் வைத்திருந்தார். கிட்டப் போகிற ஆண்களைத்தான் அது கீறும் என்பது அவர் கணக்கு.

கணவர் ஃபேன் மெக்கானிக். கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் ஊரிலுள்ள ஓடாத ஃபேன்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். சக்கரங்களுக்கு கிரீஸ் போடுவது அவர் வேலை. “எங்க வீட்ல எல்லாமே சுத்தும். நான் மட்டுந்தான் ஒரே இடத்துல உக்காந்திருக்கேன்” என்பார்.

நான் குடிவந்த அதே வாரத்தில்தான் அந்த வீட்டுக்கு நாத்தனாரும் வந்தார்.

மெக்கானிக்கின் மூத்த அக்கா அவர். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தன் கணவர் காலமான பிறகு தன் வீட்டில் தனியாகவே காலம் தள்ளியவர். மழைக்காலத்தில் படியில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதும், தம்பி போய் வலுக்கட்டாயமாக அழைத்து வந்துவிட்டார். சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வாசலில் இறங்கியவர் முதலில் சொன்னது இதுதான்:

“குளிர் முடியற வரைக்கும்தான். இப்பவே சொல்லிட்டேன்.”

சொன்னபடியே நடந்துகொண்டார். அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து வைத்தும், துணியை அதில் வைக்கவில்லை. காலையில் பெட்டியைத் திறந்து அன்றைய துணியை எடுப்பார். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடி பெட்டியிலேயே வைத்து மூடிவிடுவார். கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி, புறப்படத் தயாராக நிற்கிற வண்டி மாதிரி, எப்போதும் வாசலைப் பார்த்தே நின்றது.

ரிவர்ஸ் அக்காவுக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள். காரணம் உண்டு. முன்பு அவர் பஸ் ஓட்டப் போகிறேன் என்றபோது, புகுந்த வீட்டில் ஆளாளுக்கு வாயில் வந்ததைச் சொன்னார்கள். ஸ்டீயரிங் பிடிக்கிற கைக்குக் கரண்டி பிடிக்க வராது என்றார் ஒருவர். குடும்ப மானமே பஸ் ஏறிப் போகிறது என்றார் இன்னொருவர். அப்போது இந்த நாத்தனார்தான் வார்டு வேலை முடிந்து வந்த களைப்போடு நடுக்கூடத்தில் நின்று, “இவ ஓட்டுற வண்டியில முதல் டிக்கெட் எனக்கு. வேற யாருக்காவது வயித்தெரிச்சல்னா மருந்து எழுதித் தர்றேன்” என்றார். சொன்னபடி முதல் ட்ரிப்பில் முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு விழுந்த முடிச்சு அது. தனியாக ஒரு வீட்டில், வழுக்குகிற படியோடு, அவரைத் திரும்ப அனுப்ப ரிவர்ஸ் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் “இருங்க” என்று கெஞ்சினால் இருக்கிற ஆளும் இல்லை நாத்தனார். அந்தக் குணம் தெரிந்ததால்தான் வாயைத் திறக்காமல் இருந்தார்.

குளிர்காலம் வாசலில்தான் கழிந்தது. காலைப் பனி காய்வதற்குள் அக்கா முதல் ஷிப்டுக்குப் போய்விடுவார். நாத்தனார் டீக் கோப்பையோடு எலுமிச்சைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வெயில் காய்வார். மத்தியானம் ஷிப்டு முடிந்து அக்கா வந்து டவுன் பஸ்ஸை நாலு அடி நகர்த்தும்போது இரண்டு பேருக்கும் தினசரி வாய்ச்சண்டை தொடங்கும்.

“செடிக்குச் சக்கரம் வச்ச வீடு இது ஒண்ணுதான். நாளைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கும் வைப்பியா, டிரைவரம்மா?”

“வைக்கலாம் அண்ணி. நீங்க வேணாம் வேணாம்னு தள்ளுறதுக்கு வசதியா இருக்கும்.”

“சொந்த வீடு வாங்கியும் செடிய மட்டும் வாடகைக்குக் குடிவச்சிருக்க. அதுக்கும் ஒரு இடம்னு வேணாமா? வேரு ஊனினாத்தானே மரம்?”

“பெட்டிக்குள்ளயே துணிய வச்சுக்கிட்டு வேரப் பத்தி நீங்க பேசுறீங்களா அண்ணி?”

நாத்தனார் ஒரு தக்காளியைப் பறித்து, பழுத்திருக்கிறதா என்று நோயாளியின் நாடி பார்ப்பது போல அமுக்கிப் பார்த்தார்.

குளிர் பாதி கடந்த ஒரு நாள், தேயிலைச் சக்கையைக் கொட்டுவதற்காகக் கொல்லைப் பக்கம் போன ரிவர்ஸ் அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

சந்து வந்து கொல்லையில் முடிகிற மூலைதான் அவர் தோட்டத்துக்கு உயிர்நாடி. ஒரு பக்கம் சமையலறைச் சுவர், எதிரே தகரக் கொட்டகை. நடுவே அந்த மூலையில்தான் வண்டிகளை ஒடித்துத் திருப்ப முடியும். பழைய தரைக்கற்களைப் பொறுக்கி வந்து, சக்கரம் உருள அவரே பதித்த இடம். இப்போது அதன் நட்ட நடுவில் ஒரு கல் பெயர்க்கப்பட்டுச் சுவரோரம் சாத்தியிருந்தது. கல் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மாதுளைக் கன்று நின்றது. அடியில் ஈரம் காயவில்லை.

“அண்ணி, என்ன இது?”

“பாத்தாத் தெரியலயா? மாதுளை. என் வீட்டு மரத்தோட பக்கக் கன்னு. போன வாரம் வீட்டப் பாத்துட்டு வரத் தம்பி போனான்ல, அவன்கிட்டத் தோண்டி எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

“இந்த இடத்துலயா நடணும்?”

“சும்மாக் கிடந்துச்சு. வார்டுல ஒரு கட்டில் காலியாக் கிடந்தா விடுவோமா?”

அக்காவின் தொண்டைக்குழி வரை ஒரு வார்த்தை வந்தது. அதை அங்கேயே பிரேக் போட்டு நிறுத்தினார். நேராகக் கொட்டகைக்குள் நுழைந்து கணவரைப் பிடித்தார்.

“கன்னு கொண்டாந்தது நீங்கதானே?”

“கொண்டாந்தது நான்தான். நட்டது எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஃபேன் மெக்கானிக். மேல சுத்துறது என் பொறுப்பு, கீழ சுத்துறது உன் பொறுப்பு.”

“எடுத்து வேற இடத்துல வைங்கன்னு உங்க அக்காகிட்டச் சொல்லுங்க.”

“நானா? என்னை இடுப்புல வச்சுச் சோறூட்டின ஆளு. ‘உன் கன்னு இடைஞ்சலா இருக்கு’ன்னு நான் சொன்னா, அது கன்னப் பத்தின பேச்சாவா அதுக்குக் கேக்கும்?”

அந்தக் கேள்வியில் ரிவர்ஸ் அக்கா உட்கார்ந்துவிட்டார். அதுதான் விஷயம். கன்றை எடு என்றால் பெட்டியை எடு என்றுதான் அர்த்தமாகும். எடுக்காவிட்டாலோ கோடையில் எக்ஸ்பிரஸ் திரும்ப வழியில்லை. வாசல் வெயிலில் எலுமிச்சை கருகிவிடும். அக்காவுக்கு எலுமிச்சையும் வேண்டும், நாத்தனாரும் வேண்டும். எழுந்து போய் அந்த மூலையைக் கண்ணால் அளந்தார். சுவருக்கும் கன்றுக்கும் எவ்வளவு, கன்றுக்கும் கொட்டகைக்கும் எவ்வளவு என்று பார்த்தார். இதைவிட மோசமான சந்தில் முழு பஸ்ஸை எடுத்திருக்கிறோமே என்று மனம் தைரியம் சொன்னது.

“ஒடிச்சு எடுத்துருவேன்” என்றார், யாரும் கேட்காமலே.

குளிர் போனது. காற்றில் புழுதி வாசம் வந்தது. காலை வெயிலே சுள்ளென்று உறைக்கத் தொடங்கியது. நாத்தனாரின் மணிக்கட்டும் சரியாகிவிட்டது.

“குளிர் முடிஞ்சுது. நான் கிளம்புறேன்” என்றார் ஒரு காலையில்.

“காத்து ஒரு மாதிரி அடிக்குதுக்கா, நாலு நாள் போகட்டும்” என்றார் தம்பி.

“முதல்ல எக்ஸ்பிரஸ் கொல்லைக்குப் போகட்டும் அண்ணி. அப்புறம் பேசிக்கலாம்” என்றார் ரிவர்ஸ் அக்கா.

நாத்தனார் டீயை ஆற்றியபடி, “அது போகுமா?” என்று கேட்டார். கேட்ட விதத்தில் கேலி பாதி, வேறு ஏதோ பாதி. அந்த மறுபாதி என்னவென்று அப்போது அக்காவுக்குப் பிடிபடவில்லை.

டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் குட்டையான வண்டிகள். கன்றை உரசாமல் வளைந்து போய்விட்டன. ரோஜா கணவரின் முழங்கையில் ஒரு கோடு கிழித்துவிட்டு உள்ளே போனது. எக்ஸ்பிரஸ் மட்டும் பாக்கி. வாசலில் எலுமிச்சையின் இலைகள் சுருட்டு மாதிரி சுருளத் தொடங்கின. பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் கொண்டுபோய் ஊற்றினார்கள். மாலையில் நிமிரும், மறுநாள் மத்தியானம் மறுபடி சுருளும்.

அக்காவின் வார விடுமுறை நாள் ஒன்றில் நாத்தனார் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புறப்பட்டுப் போனார். இதுதான் சமயம் என்று அக்கா எலுமிச்சையைச் சந்துக்குள் தள்ளினார். நான் வேலைக்குப் போயிருந்தேன். ‘ஹோல்டான்’ சொல்ல ஆளில்லை. கணவர் கொட்டகைக்குள் ரேடியோவைப் பாடவிட்டு ஒரு ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. தேவையில்லை என்று நினைத்தார்.

முதல் ஒடிப்பில் வண்டி பாதி திரும்பியது. பின்னால் இழுத்து மறுபடி ஒடித்தார். இன்னும் கொஞ்சம்தான். மூன்றாவது முறை இழுக்கும்போது, கல் பெயர்த்த குழியின் விளிம்பில் பின்சக்கரம் இறங்கியது. எவ்வளவோ பள்ளங்களைப் பார்த்தவர், தன் கையால் பதித்த தரையில் ஒரு கல் குறைந்திருப்பதை மறந்துவிட்டார். வண்டி சாய்ந்தது. எலுமிச்சை தன் முழு உடம்போடும் மெதுவாக, மன்னிப்புக் கேட்பது போலக் குனிந்து, மாதுளைக் கன்றின் மேல் படுத்தது. படக்கென்று ஒரு சத்தம்.

சத்தம் கேட்டு ஓடி வந்த கணவருக்கு நிலவரம் ஒரே பார்வையில் புரிந்தது.

“அய்யய்யோ! பிடி, தூக்கிடலாம். அக்கா வர்றதுக்குள்ள நிமித்திட்டு, கன்ன ஆடு கடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“கைய எடுங்க.”

“ஏன்?”

“மோதின வண்டிய எடுக்கக் கூடாது. வந்து பாக்க வேண்டியவங்க பாக்குற வரைக்கும் வண்டி அங்கதான் நிக்கணும், டிரைவரும் பக்கத்துலயே நிக்கணும்.”

“இது பஸ்ஸா?”

“ஓட்டினது நான்தானே?”

“அப்ப என்ன, போலீஸக் கூப்பிடவா?”

“எதுக்கு? அதான் உங்க அக்கா வர்றாங்களே.”

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவருக்கு அன்று மூன்றாவது பக்கமும் இருந்தது, அங்கே எலுமிச்சை படுத்திருந்தது. வெயில் ஏறியது. மனைவி நகரவில்லை. ஒரு குடையைக் கொண்டு வந்து முதலில் மரத்துக்குப் பிடித்தார். மனைவி பார்த்த பார்வையில் மனைவிக்குப் பிடித்தார். பிறகு டீ போட்டுக்கொண்டு வந்து, “நின்னுக்கிட்டே குடிக்கலாமா, இல்ல அதுக்கும் ரூல்ஸ் இருக்கா?” என்று கேட்டார். அக்கா வாங்கிக் குடித்தார். ஆனால் உள்ளுக்குள் ஒன்று திரும்பத் திரும்பக் கேட்டது: மரம் போனால் இன்னொரு பதியம் போடலாம், பெட்டி போனால்?

நாத்தனார் வந்தார். சந்தின் முனையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. புதுக் கண்ணாடி வேறு, இன்னும் தெளிவாகவே தெரிந்திருக்கும். மெதுவாக நடந்து வந்து, கைப்பையைத் தரையில் வைத்தார்.

“யாரு ஓட்டினது?”

“நான்தான் அண்ணி. வேகம் இல்ல. வண்டியில பழுது இல்ல. கணக்கு தப்பிப்போச்சு. உங்க கன்னு நின்ன இடத்துலதான் நின்னுச்சு. அது மேல தப்பு இல்ல.”

நாத்தனார் குனிந்து இலைகளை விலக்கினார். கன்றின் தண்டு ஒரு பக்கம் பிளந்து, மறுபக்கத் தோல் பிடித்துக்கொண்டு தொங்கியது. விரலால் நிமிர்த்திப் பார்த்தார். சட்டென்று அவர் குரல் வார்டுக் குரலானது.

“முழுசா முறியல. டேய் தம்பி, அலமாரி மேல்தட்டுல கட்டுத்துணி இருக்கு. ரெண்டு குச்சி கொண்டா. உன் ஃபேன் கம்பி இல்லடா, நேரா இருக்குற குச்சி! டிரைவரம்மா, நீ ஏன் சிலை மாதிரி நிக்குற? வந்து பாத்தாச்சு, வண்டிய எடு.”

மூன்று பேரும் சேர்ந்து எலுமிச்சையை நிமிர்த்தினார்கள். பிறகு நாத்தனார் தரையில் உட்கார்ந்து, கன்றின் இரண்டு பக்கமும் குச்சி வைத்து, ஒடிந்த கைக்குக் கட்டுவது போல அழுத்தமாகவும் பதமாகவும் சுற்றத் தொடங்கினார். அக்கா எதிரே உட்கார்ந்து குச்சியைப் பிடித்துக்கொண்டார். கட்டுகிற கையை நிறுத்தாமலே நாத்தனார் பேசினார்.

“சும்மாக் கிடந்த இடம்னு சொன்னேன்ல? அது பொய். நான் வந்த வாரம் நீ இந்த மூலையில வண்டி திருப்பினத ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“தெரிஞ்சுமா நட்டீங்க?”

“தெரிஞ்சதாலதான் நட்டேன். ‘இடைஞ்சலா இருக்கு, எடுங்க அண்ணி’ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா, எனக்கும் மனசு தெளிவாயிரும், மறுநாளே பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிரலாம்னு. என்னை நீ இங்க வச்சிருக்குறது மனசாரவா, முகத்துக்காகவான்னு எனக்கு எப்படித் தெரியுறது? நீயானா வாயே திறக்கல. பூட்டா போட்டிருந்த?”

“சொல்லணும்னுதான் வரும் அண்ணி. உடனே அந்த முதல் ட்ரிப்ல முன் சீட்டுல நீங்க உக்காந்திருந்தது ஞாபகம் வந்துரும்.”

“அன்னைக்கு நடுரோட்டுல ரெண்டு தடவ வண்டிய அணைச்சுட்ட.”

“ஒரு தடவ!”

“ரெண்டு. சிக்னல்ல ஒண்ணு, பாலத்துல ஒண்ணு. நான்தான் பின்னாடி திரும்பி எல்லாரையும் முறைச்சுட்டிருந்தேன். உனக்கு எங்க தெரியப்போகுது.”

ரிவர்ஸ் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணில் வேறு ஏதோவும் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“இப்ப நானே கேக்குறேன்” என்றார் நாத்தனார், கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு. “கன்ன எடுக்கணுமா, வேணாமா?”

அக்கா எழுந்து மூலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இந்த இடத்தை இதுவரை ஒரே விதமாகத்தான் பார்த்திருந்தார்: முன்னால் போ, ஒடி, பின்னால் எடு. பின்னால் எடுப்பதுதான் அவர் பெயர், பெருமை எல்லாம். அதனாலேயே வேறு வழி கண்ணில் படவில்லை. கன்றைச் சுற்றி இன்னொரு தடவை நடந்தார். இந்த முறை செருப்பின் நுனியால் தரைப் புழுதியில் ஒரு கோடு போட்டுக்கொண்டே நடந்தார். கோடு வட்டமாகி, தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது.

“ரிவர்ஸே வேணாம் அண்ணி. ரவுண்டானா! உங்க கன்னு நடுவுல நிக்கட்டும். வண்டி சுத்திக்கிட்டுப் போகட்டும்.”

நாத்தனார் கோட்டைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். கோடு ஓரிடத்தில் கொட்டகைத் தகரத்தில் முட்டி மறைந்து, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கியிருந்தது.

“இந்தா, இது என் கொட்டகை வழியா போகுதே!”

“ஒரு முழம் உள்ள தள்ளினாப் போதும்.”

“அந்த ஒரு முழத்துலதான் என் சாமான் எல்லாம் இருக்கு!”

“எல்லாம் ஓடாத ஃபேன்தானே?”

“ஓட வச்சா ஓடும்!”

“டேய்” என்றார் நாத்தனார். “நீ தவழ்ந்த காலத்துல வீடு பூரா உனக்கு விட்டுக்கொடுத்துட்டு நான் ஓரமா உக்காந்து படிச்சேன். ஒரு முழத்துக்கு அழுவுறியே. நகரு.”

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அடுத்த விடுமுறையில் தகரம் வெட்டினார்கள். அக்கா கற்களை வட்டமாகப் பதித்தார். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் கல் ஆடுகிறது என்று சத்தம் போட்டுச் சொன்னார். வண்டிகள் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதில் இருவருக்கும் அரை நாள் சண்டை நடந்தது. டிரைவரே ஜெயித்தார். எக்ஸ்பிரஸ் முதன்முறையாக ரவுண்டானாவைச் சுற்றிக் கொல்லைக்குள் நுழைந்தபோது மாடியிலிருந்து நான் விசிலடித்தேன். “ரைட், ரைட்!” என்று நாத்தனார் கையால் சுவரைத் தட்டினார். கணவர் மட்டும் குறுகிப்போன கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, டிக்கெட் எடுக்காத பயணி போல உர்ரென்று நின்றார்.

எலுமிச்சை அந்தக் கோடையில் பாதி இலையை உதிர்த்துவிட்டது. அக்கா கவலைப்படவில்லை. “உதிர்க்குற மரம் உசுரோட இருக்குன்னு அர்த்தம்” என்றார். மழை வந்ததும் அது சரியென்று ஆனது. ஒவ்வொரு கணுவிலும் பச்சை ஊசி குத்தினாற்போல் தளிர். மாதுளைக்குக் கட்டுப் பிரித்தபோது, பிளந்த இடம் தடித்து மூடியிருந்தது. அதற்குக் கீழிருந்து செக்கச்செவேலென்று ஒரு புதுக் கிளை கிளம்பியிருந்தது. மழை நாட்களில் டவுன் பஸ்கள் எல்லாம் கூரையின் ஓரத்தில் வரிசை கட்டி நின்றன. கணவர் சக்கரம் சக்கரமாக கிரீஸ் வைத்துக்கொண்டு போனார்.

அப்படி ஒரு மழை நாளில், ஷிப்டு முடிந்து நனைந்து வந்த ரிவர்ஸ் அக்கா, வரிசையின் கடைசியில் தெரியாத வண்டி ஒன்று நிற்பதைப் பார்த்தார். நீல நிறம். சக்கரம் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நாத்தனாரின் பெட்டி. மூடியைக் கழற்றிவிட்டு, மண் நிரப்பி, கொத்தமல்லி விதைத்திருந்தார். பொடிப்பொடியாக முளை விட்டிருந்தது. தண்ணீர் வடிய அடியில் ஆணியைச் சுடவைத்து ஓட்டைகள் போட்டிருந்தார். இனி அதில் ஒரு கைக்குட்டையைக்கூட வைத்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

“அண்ணி! துணியெல்லாம் எங்க?”

“அலமாரியில. உன் காக்கிச் சட்டையெல்லாம் கீழ்த்தட்டுக்குத் தள்ளிட்டேன். எனக்குக் குனிய முடியாது.”

அக்கா நனைந்த தலையோடு குனிந்து முளைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, டிப்போவில் கேட்கிற தோரணையில் கேட்டார்.

“இது என்ன வண்டி?”

“லாஸ்ட் பஸ்” என்றார் நாத்தனார், சமையலறை சன்னலிலிருந்து. “இதுக்கப்புறம் வண்டி கிடையாது. உள்ள வந்து தலையத் துவட்டு, சளி பிடிச்சா நான் பாக்க மாட்டேன்.”

ரிவர்ஸ் அக்கா இப்போது அதே டிப்போவில் புதிதாகச் சேரும் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வாரத்தில் சில நாள் பழைய ரூட்டில் வண்டியும் ஓட்டுகிறார். நாத்தனார் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய வீட்டில் ஒரு நர்ஸ் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மெக்கானிக் குறுகிய கொட்டகையிலேயே தொழில் செய்கிறார், ஓடாத ஃபேன்களை ரவுண்டானாவின் ஓரத்தில் சாத்தி வைத்துத் திட்டு வாங்குகிறார். மாதுளை கொட்டகைக் கூரைக்கு மேல் போய்விட்டது. குளிர் தொடங்கிவிட்டதால் எலுமிச்சை இந்த வாரம் வாசலில் நிற்கிறது.